அச்சமா? அளவா?



நம் பள்ளி ஆண்டு மலரில் என் பெயரும் இடம்பெற வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்தே எனக்கு ஆசை. கவிதை எழுதலாம், கதை எழுதலாம் என்றெல்லாம் எண்ணியிருந்தேன். ஆனால் இவ்வாண்டு நான் எழுதப்போவது என் தவறு ஒன்றைப் பற்றி. அந்தத் தவறு எனக்கு ஒரு பாடத்தைக் கற்றுக்கொடுத்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே முறை என்று கருதுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு கைபேசிக் கோபுரம் அமைக்க ஏற்பாடு நடந்தது. எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் தையல் அத்தை இருக்கிறார். மாமா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அத்தையின் வீட்டு மொட்டை மாடியைத்தான் கோபுரத்துக்குக் கேட்டிருந்தார்கள். மாதந்தோறும் வாடகை வரும். அதைக்கொண்டு மகளை நர்சிங் படிக்க வைக்கலாம் என்று அத்தை கனவு கண்டுகொண்டிருந்தார்.

செய்தி பரவியதும் தெருவே கொதித்தெழுந்தது. "டவர் வந்தால் புற்றுநோய் வரும்" என்றார் ஒருவர். "சிட்டுக்குருவியெல்லாம் செத்துப்போகும்" என்றார் மற்றொருவர். "பிறக்கிற குழந்தைக்கும் ஆபத்து" என்றார் வேறொருவர். எதிர்ப்பு மனு எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் அந்தப் பணி என் தலையில் விழுந்தது. நானும் பெருமிதத்தோடு எழுதினேன். 'உயிர்குடிக்கும் கதிர்வீச்சு' என்று கொட்டை எழுத்தில் தலைப்பும் இட்டேன். வீடு வீடாகச் சென்று கையெழுத்தும் வாங்கினேன்.

கடைசியில் அத்தையின் வீட்டுத் திண்ணையருகே வந்தபோது அவர் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ படிக்கிற புள்ள. ஒன்னு கேக்கேன், சொல்லு. நெசமாவே அதால சீக்கு வருமா? வரும்னா எவ்வளவு வரும்?"

என்னால் விடை சொல்ல இயலவில்லை. "எல்லாரும் சொல்றாங்க அத்தை" என்று முணுமுணுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். கோபுரத் திட்டம் கைவிடப்பட்டது. தெருவார் மகிழ்ந்தனர். ஆனால் 'எவ்வளவு?' என்ற அந்தக் கேள்வி மட்டும் என்னை விட்டு அகலவில்லை.

ஒரு சொல், இரு பொருள்

சில மாதங்கள் கழித்து எங்கள் வகுப்பில் அணுக்கரு இயற்பியல் பாடம் நடந்தது. மேரி கியூரி அம்மையாரின் வரலாற்றைக் கேட்டு மெய்சிலிர்த்தோம். 1903ஆம் ஆண்டும் 1911ஆம் ஆண்டும் இருமுறை நோபல் பரிசு பெற்ற அந்த மாதரசி, தாம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த கதிர்களாலேயே உடல் நலிந்து, 1934இல் இரத்தச் சோகை நோயால் உயிர் நீத்தார். நான் எழுந்து நின்று, "சிஸ்டர், செல்போன் டவரிலிருந்து வருவதும் இதே கதிர்வீச்சுதானா?" என்று கேட்டேன். சிஸ்டர் புன்னகைத்து, "விடையை நான் சொல்லிவிட்டால் நீ நம்பிவிடுவாய். நம்புவது வேறு, அறிவது வேறு. நூலகத்துக்குப் போ, படித்துவிட்டு வந்து நீயே எங்களுக்குச் சொல்" என்றார்கள்.

அவ்வாறு படித்தபோதுதான் எங்கள் தெருவின் குழப்பத்துக்கு வேர் எது என்பது புரிந்தது. தமிழில் 'கதிர்வீச்சு' என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு பொருள்களுக்கு நாம் பயன்படுத்துகிறோம். அணுகுண்டிலிருந்து வருவதும் கதிர்வீச்சு. வானொலிப் பெட்டிக்கு வருவதும் கதிர்வீச்சு. சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று மனம் எண்ணிவிடுகிறது.

எக்ஸ் கதிர், காமாக் கதிர் ஆகியவை அணுவிலிருந்து எலக்ட்ரானையே பிய்த்தெறியும் ஆற்றல் உடையவை. இதனை அயனியாக்கம் என்கிறோம். உயிரணுவின் மரபுப்பொருளை உடைக்கும் வலிமை இவற்றுக்கு உண்டு. கியூரி அம்மையாரைப் பாதித்தவை இத்தகைய கதிர்களே.

கைபேசி அலைகளோ வானொலி அலைகளின் இனம். 900 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 90 கோடி அதிர்வுகள். கேட்பதற்குப் பெரிய எண்தான். ஆனால் நாம் கண்ணால் காணும் ஒளியின் அதிர்வெண் அதைப்போல் ஏறத்தாழ 5 லட்சம் மடங்கு! அதிர்வெண் கூடக்கூடத்தான் ஒவ்வொரு ஒளித்துகளின் ஆற்றலும் கூடும். எனவே நம் மேசை விளக்கின் ஒளித்துகளுக்கு உள்ள ஆற்றலில் மிகச் சிறு துளிகூடக் கைபேசி அலையின் துகளுக்கு இல்லை. அது அணுவை உடைக்காது. அப்படியானால் அது ஒன்றுமே செய்யாதா? செய்யும். உடலில் பட்டால் உட்கவரப்பட்டு வெப்பமாக மாறும். நுண்ணலை அடுப்பில் உணவு சூடாவதும் இவ்வாறே. ஆக, இங்கே கேட்க வேண்டிய கேள்வி, 'இது கதிர்வீச்சா?' என்பதன்று. தையல் அத்தை கேட்ட கேள்விதான்: 'எவ்வளவு?'

வரம்பு எவ்வாறு வகுக்கப்பட்டது?

'பாதுகாப்பு வரம்பு' என்று அதிகாரிகள் கூறும்போது, யாரோ நாற்காலியில் அமர்ந்து மனம்போல் ஓர் எண்ணை எழுதிவிட்டார்கள் என்றே நான் நினைத்திருந்தேன். உண்மை அவ்வாறன்று.

விலங்குகளை இவ்வலைகளுக்கு உட்படுத்தி ஆராய்ந்தபோது, உடல் முழுவதற்கும் சேர்த்து ஒரு கிலோ எடைக்கு 4 வாட் அளவில் ஆற்றல் உட்கவரப்பட்டால் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 1 டிகிரி உயர்கிறது, விலங்கின் நடத்தையும் மாறுகிறது என்று கண்டனர். அந்த அளவைப் பத்தால் வகுத்து, இத்துறையில் வேலை செய்வோருக்கு 0.4 வாட் என்று வைத்தனர். குழந்தைகள், முதியோர், நோயாளிகள் எல்லாரும் அடங்கிய பொதுமக்களுக்கு ஐம்பதால் வகுத்து 0.08 வாட் என்று வைத்தனர். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் உடல் கிலோவுக்குச் சுமார் 1 வாட் வெப்பத்தைத் தானாகவே உண்டாக்குகிறது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

கைபேசியைக் காதோடு ஒட்டிப் பிடிக்கிறோம் அல்லவா? அதனால் தலைக்குத் தனி வரம்பு உண்டு. அமெரிக்கா 1996இல் ஏற்ற வரம்பு, எந்த 1 கிராம் திசுவிலும் கிலோவுக்கு 1.6 வாட். ஐரோப்பிய நாடுகள் 10 கிராம் திசுவுக்குச் சராசரி எடுத்து 2 வாட் என்று கொண்டன. நம் இந்தியா முதலில் ஐரோப்பிய முறையைப் பின்பற்றியது. பின்னர் 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் முதல் 1.6 வாட் என்ற கடுமையான வரம்பையே ஏற்றுக்கொண்டது. அதே நாளில் கோபுரங்களுக்கான வரம்பையும் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சர்வதேச வரம்பு சதுர மீட்டருக்கு 4.5 வாட், இந்தியா அன்று வைத்தது 0.45 வாட்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

பத்தாம் வகுப்பில் கோளத்தின் புறப்பரப்பு படிக்கிறோம். 'இது எதற்கு உதவும்?' என்று அலுத்துக்கொள்ளாத மாணவி உண்டா? இதோ, இதற்குத்தான் உதவுகிறது!

கோபுரத்தின் ஓர் ஆன்டெனா, கற்றையாகக் குவித்து அனுப்புவதால், தன் முன்திசையில் 1000 வாட் விளக்கு எல்லாத் திசையிலும் பரப்புவதற்கு ஒப்பாக அலையை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டர் தொலைவில் அது எவ்வளவு? ஆரம் 50 மீட்டர் உள்ள கோளத்தின் புறப்பரப்பு சுமார் 31,400 சதுர மீட்டர். 1000ஐ அதனால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 0.03 வாட். அதாவது 0.45 என்ற வரம்பில் ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்கு. 100 மீட்டருக்குச் சென்றால் அதுவும் நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். தொலைவு இரட்டித்தால் வலிமை கால்பங்காகும் என்பது இயற்கையின் விதி அன்றோ?

அதே கணக்கைத் திருப்பிப் போட்டேன். வரம்பைத் தொடும் இடம் எது? கற்றைக்கு நேர் எதிரே சுமார் 13 மீட்டர். ஆகவே அந்த ஆன்டெனாவின் உயரத்திலேயே, அதற்கு நேரெதிரே, அத்தனை அருகில் யாருடைய மாடிச் சன்னலும் இருக்கலாகாது. பல ஆன்டெனாக்கள் இருந்தால் இந்த இடைவெளி இன்னும் கூட வேண்டும். கோபுரம் கலங்கரை விளக்கம் போன்றது. அதன் ஒளி கடலைப் பார்த்துச் செல்லும். அடியில் நிற்பவன் தலையில் பெரிதாக விழாது. எனவே 'மாடியில் கோபுரம் வைத்த வீட்டுக்காரருக்குத்தான் முதல் ஆபத்து' என்பதும் சரியன்று. எதிரே அதே உயரத்தில் உயர்ந்த மாடி இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் அத்தையின் வீட்டைத் தவிர மற்றவை எல்லாம் ஓட்டு வீடுகளும் ஒற்றை மாடி வீடுகளுமே! மனு எழுதியபோது இதை யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

கையில் இருப்பதை மறந்தோம்

இன்னொரு வியப்பான உண்மையையும் கேளுங்கள். கோபுரம் தொலைவில் இருக்கிறது. கைபேசியோ கன்னத்தில் இருக்கிறது. ஆகவே நம் தலைக்குக் கிடைக்கும் அலையில் பெரும்பங்கு நாமே கையில் ஏந்தும் கருவியிலிருந்து வருவதுதான். மேலும் கைபேசி எப்போதும் ஒரே வலிமையில் பேசுவதில்லை. கோபுரம் அருகில் இருந்து சிக்னல் நன்றாக இருந்தால் மெல்லப் பேசும். சிக்னல் குறைந்தால், தொலைவில் நிற்கும் தோழியைக் கூவி அழைப்பதுபோல, முழு வலிமையையும் கூட்டிக் கத்தும்.

இன்றும் எங்கள் தெருவில் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. என் தந்தை பேசுவதற்கு மாடிக்கு ஓடுகிறார். கைபேசி அடிக்கடி சூடாகிறது. கோபுரத்தை விரட்டிவிட்டோம் என்று மார்தட்டிய நாங்கள், கன்னத்தருகே வரும் அலையைக் கூட்டிக்கொண்டோம்! இதை என்னவென்று சொல்வது?

நோய் வருமா, வராதா?

"எல்லாம் சரி, உலக சுகாதார நிறுவனமே புற்றுநோய் வரலாம் என்று சொல்லிவிட்டதே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2011ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் இவ்வலைகளை '2பி' என்ற பிரிவில் சேர்த்தது. 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற ஐயம் உண்டு. ஆனால் சான்று போதாது' என்பதே அப்பிரிவின் பொருள். கற்றாழையின் முழு இலைச் சாறும், ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறியும் அதே பிரிவில் உள்ளன. புகையிலையும் மதுவும் உறுதியான சான்றுள்ள முதற் பிரிவில் உள்ளன. இந்தப் பிரிவுகள் சான்று எவ்வளவு வலிமையானது என்பதைக் காட்டுமே தவிர, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைக் காட்டா. இவ்வேறுபாட்டை அறியாமல்தான் நான் மனு எழுதினேன்.

அதன் பின்னரும் ஆராய்ச்சிகள் தொடர்ந்தன. இங்கிலாந்தில் லட்சக்கணக்கான பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியின் முடிவு 2022இல் வெளிவந்தது; கைபேசி பயன்படுத்தியோருக்கு மூளைக்கட்டி கூடுதலாக வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் 63 ஆராய்ச்சிகளைத் திரட்டிச் சீர்தூக்கிய அறிக்கை 2024இல் வெளிவந்தது. அதுவும் கைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை. அமெரிக்காவில் எலிகளை நாள்தோறும் 9 மணி நேரம், உடல் முழுவதும், இரண்டு ஆண்டுகள் வலிமையான அலைகளுக்கு உட்படுத்திய ஆராய்ச்சியின் முடிவு 2018இல் வந்தது. ஆண் எலிகள் சிலவற்றின் இதயத்தில் கட்டிகள் காணப்பட்டன. ஆனால் அலைக்கு உட்பட்ட அந்த ஆண் எலிகள், அலைபடாத எலிகளைவிட நீண்ட நாள் வாழ்ந்தன! இதற்கு என்ன பொருள் என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதிடுகின்றனர். ஆகவே 'ஒன்றுமே இல்லை, போ' என்று கையை உதறிவிடவும் கூடாது. 'உயிர்குடிக்கும்' என்று எழுதவும் கூடாது.

சிட்டுக்குருவியின் கதை என்ன? 2018இல் வெளியான 2.0 திரைப்படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்களுள் நானும் ஒருத்தி. ஆனால் இங்கிலாந்தில் சிட்டுக்குருவிகள் 1970களின் இறுதியிலேயே குறையத் தொடங்கிவிட்டன. கைபேசி பரவியது அதற்குப் பின்னர்தான். இந்தியாவிலோ முதல் கைபேசி அழைப்பே 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள்தான் நடந்தது. 2020இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, சிட்டுக்குருவிகள் பெருநகரங்களில் குறைந்தாலும் நாடு முழுவதும் பார்க்கையில் நிலையாகவே உள்ளன என்று கூறுகிறது. ஓட்டுக் கூரையும் மரச்சட்டமும் போய்க் கான்கிரீட் வந்தது, கூடுகட்ட இடமில்லை. குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சிகள் இல்லை. குருவியைக் காக்க விரும்புகிறவள் கோபுரத்தைத் திட்டுவதைவிடத் தாழ்வாரத்தில் ஒரு மரப்பெட்டி தொங்கவிடுவதே மேல்.

அச்சம் செய்யும் அநீதி

"பயந்தால்தான் என்ன? பயம் நம்மைக் காப்பாற்றத்தானே செய்யும்?" என்று என் அன்னை கேட்டார்கள். எல்லாப் பயமும் காப்பாற்றாது அம்மா!

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், 5ஜி அலைகளால்தான் கொரோனா பரவுகிறது என்ற புரளியை நம்பி, இங்கிலாந்தில் பல கோபுரங்களுக்குத் தீ வைத்தனர். அவற்றுள் ஒன்று பர்மிங்காம் நகரில் கொரோனா நோயாளிகளுக்காக அமைக்கப்பட்ட மருத்துவமனைக்குத் தொடர்பு அளித்த கோபுரம். உள்ளே நோயாளிகள் சேர்க்கப்பட்டால், வெளியே அவர்களைக் காணவும் இயலாமல் உறவினர் இருந்திருப்பர். குரலையாவது கேட்கலாம் என்றால் அந்தக் கம்பத்தையும் எரித்துவிட்டனர். அதே ஆண்டு ஐந்தாம் வகுப்பில் இருந்த நான், இந்த அலைகளின் வழியாகத்தான் என் ஆசிரியையின் குரலைக் கேட்டேன். எங்கள் வகுப்பில் கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பாடத்தையே இழந்தனர். அவர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சம் கனக்கிறது.

ஆனால் எதிர்ப்பே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அளந்து கேட்கும் கேள்வி வேறு, அச்சத்தால் எழும் கூச்சல் வேறு. இதற்கு நம் திருச்சபை வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. வானொலியின் தந்தை எனப்படும் மார்க்கோனியே முன்னின்று அமைத்த வத்திக்கான் வானொலியை, 1931ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் தொடங்கி வைத்தார். அதன் தமிழ் ஒலிபரப்பை நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் சிற்றலையில் கேட்டிருக்கின்றனர். உரோமைக்கு வெளியே இருந்த அதன் ஒலிபரப்பு நிலையத்தின் அலை வலிமை, இத்தாலி 1998இல் வகுத்த மிகக் கடுமையான வரம்பைத் தாண்டுகிறது என்று அருகில் வாழ்ந்த மக்கள் முறையிட்டனர். வழக்குகளும் நடந்தன. 2001இல் இரு தரப்பும் கூடிப் பேசி, இத்தாலியின் வரம்பை மதிப்பதாக வத்திக்கான் ஒப்புக்கொண்டது. ஒலிபரப்பு நேரமும் குறைக்கப்பட்டது. எத்தனை புனிதமான பணிக்காக எழுந்த அலையாயினும் அளவுக்கு உட்பட்டதே. கேள்வி கேட்கும் உரிமை அயலாருக்கு உண்டு; அளந்து காட்டும் கடமை அலை அனுப்புவோருக்கு உண்டு.

மற்றொரு சான்று பிரான்சு நாட்டினது. 2023 செப்டம்பரில் அந்நாட்டு அதிகாரிகள் ஐபோன் 12 கைபேசியைச் சோதித்தனர். கையில் பிடிக்கும் நிலையில் வரம்பு 4 வாட். அளந்தபோது வந்ததோ 5.74 வாட். உடனே விற்பனையை நிறுத்தினர். நிறுவனம் மென்பொருளைத் திருத்திய பிறகே மீண்டும் அனுமதித்தனர். யாரும் தீ வைக்கவில்லை. யாரும் புரளி கிளப்பவில்லை. ஓர் அளவுகோலும் ஒரு சட்டமும் அந்தப் பெரிய நிறுவனத்தைப் பணிய வைத்தன. அளவின் வலிமை இதுவே!

நாம் செய்ய வேண்டியவை

தோழியரே, என் கருத்தைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவதாக, கோபுரம் அமைக்கும் ஒவ்வோர் இடத்திலும் அளந்து பார்த்த அலை வலிமையும் சட்ட வரம்பும் தமிழில் எழுதப்பட்ட பலகை ஒன்று மக்கள் கண்ணில் படும்படி வைக்கப்பட வேண்டும். 2017இல் நம் தொலைத்தொடர்புத் துறை 'தரங் சஞ்சார்' என்ற இணையதளத்தைத் தொடங்கி, கோபுரங்களின் விவரத்தை மக்கள் அறியவும், கட்டணம் செலுத்தி அளந்து தரக் கேட்கவும் வழி செய்தது. நன்று. ஆனால் எங்கள் தெருவில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை. தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் ஓர் அத்தைக்குத் தெரியாத உரிமை, உரிமையாகுமா?

இரண்டாவதாக, பெற்றோர்களே, கைபேசி வாங்கும்போது நிறத்தையும் படக்கருவியையும் பார்ப்பதுபோல் அதன் எஸ்.ஏ.ஆர். என்னும் உட்கவர் அளவையும் பாருங்கள். பெட்டியின் மேலோ கையேட்டிலோ இருக்கும். பல கைபேசிகளில் *#07# என்று அழுத்தினால் திரையிலேயே தெரியும். கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மேல் இருக்கலாகாது.

மூன்றாவதாக, நாமும் சில பழக்கங்களைக் கைக்கொள்ளலாம். சிக்னல் குறைவான இடத்தில் நெடுநேரம் பேச வேண்டாம். ஒலிபெருக்கியிலோ கம்பியுள்ள காதணிக் கருவியிலோ பேசினால் தலைக்கு வரும் அலை வெகுவாகக் குறையும். இதயத்துடிப்புக் கருவி பொருத்திய தாத்தா பாட்டிமார் அதைச் சட்டைப் பையில் வைக்கலாகாது. சிறு பிள்ளைகள் தேவையற்ற அழைப்புகளைக் குறைத்துக்கொள்வது நல்லது என்று 2000ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் குழு கூறியது. ஆபத்து உறுதி என்பதற்காகவன்று. உறுதியாகத் தெரியும்வரை முன்னெச்சரிக்கை நல்லது என்பதற்காக. செலவில்லாத முன்னெச்சரிக்கையை ஏன் விட வேண்டும்? மேலும், நள்ளிரவு வரை திரையைப் பார்த்துத் தூக்கம் கெடுவதும், கைபேசி பேசிக்கொண்டே சாலையைக் கடப்பதும் ஐயத்துக்கு இடமின்றித் தீங்கு செய்வன. கண்ணுக்குத் தெரியாத அலைக்கு அஞ்சி, கண்ணெதிரே வரும் லாரிக்கு அஞ்சாமல் இருக்கலாமா?

நான்காவதாகவும் முடிவாகவும் ஒன்று. பிறர் வாழ்வைப் பாதிக்கும் தாள் ஒன்றில் கையெழுத்து இடுமுன், அதில் எழுதியிருப்பது உண்மைதானா என்று ஒரு நாளாவது ஒதுக்கிப் படிப்போம். படித்த பெண் சொன்னால் தெரு நம்புகிறது. அந்த நம்பிக்கையை வீணாக்குவது சிறிய பிழையன்று.

மன்னிப்பு

இவற்றையெல்லாம் எழுதி முடித்தபின் ஒரு மாலையில் எதிர்வீட்டுக்குச் சென்றேன். அத்தை ஒரு பாவாடைக்குக் கரை தைத்துக்கொண்டிருந்தார். அக்காளின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கைவளையலை அடகு வைத்திருக்கிறார் என்று அன்னை சொல்லி அறிந்திருந்தேன். அவர் கை வெறுமையாக இருந்ததைப் பார்த்ததும் பேச்சே வரவில்லை. "அத்தை, அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை கொண்டுவந்திருக்கிறேன்" என்று சொல்லி, கோளக் கணக்கைக் காட்டினேன். என்னை மன்னிக்கும்படியும் கேட்டேன்.

அத்தை கணக்குத் தாளை வாங்கிச் சிறிது நேரம் பார்த்தார். "எனக்கு இது வெளங்காது தாயி. ஆனா நீ வெளங்கிக்கிட்டு வந்துருக்கியே, அது போதும். போனது போகட்டும். இனி யாருகிட்டயாவது கையெழுத்து வாங்கப் போனா, மொதல்ல இந்த மாதிரிக் கணக்கப் போட்டுட்டுப் போ" என்றார். பிறகு தையலைத் தொடர்ந்தார்.

அவர் என்னை மன்னித்துவிட்டார். வளையல் இன்னும் அடகிலேதான் இருக்கிறது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள் பெரியோர். அமிர்தத்துக்கே அளவு வேண்டும் என்றால், அலைக்கும் அளவு வேண்டும். அச்சத்துக்கும் அளவு வேண்டும். அஞ்சுவதற்கு முன் அளப்போம்! அளந்தபின் அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவோம்! அறிவை வளர்ப்போம், அயலாரின் வாழ்வைக் காப்போம்!



— பத்தாம் வகுப்பு மாணவி